மெழுகுத் தங்கம்

விமலேஸ்வரியின் பேட்டுக்கோழி வேலியைத் தாண்டிப் போனது ஒரு புதன்கிழமை காலை. அதைப் பிடித்துக்கொண்டு வந்து படலையில் நின்றவன் பக்கத்து வளவு ஜெயந்தன். கோழியை வாங்கக் கை நீட்டியவளின் கண் கோழியில் நிற்கவில்லை. அவனுடைய சுட்டுவிரல் நகத்தின் ஓரத்தில் பொன் நிறத்தில் ஒரு கோடு மினுங்கியது.

"கையில என்ன ஜெயந்தன், மஞ்சளோ?"

அவன் விரலை இடுப்புச் சாரத்தில் துடைத்தான். "பெயின்ற் அக்கா. கராச்சில பட்டது."

ஜெயந்தன் வாகனங்களுக்குப் பெயின்ற் அடிக்கிறவன்தான், அதில் பொய்யில்லை. ஆனால் எந்த லொறிக்காரன் தன் லொறிக்குப் பொன்னிறம் அடிப்பிக்கிறான்? அதுவும் பெயின்ற் என்றால் காயும். இது சாரத்தில் இழுபட்டு, சாரத்திலும் மினுங்கியது. கோழியைக் கூட்டுக்குள் தள்ளிவிட்டு அவள் குசினி வாசலில் குந்தினாள். பதினைந்து வருடமாகத் தான் காத்திருந்த கள்ளன் கடைசியில் கையைக் காட்டிவிட்டான் என்று அவளுக்குத் தோன்றியது.

விமலேஸ்வரியைக் கேட்டால், தான் ஒருவரையும் வீணாகச் சந்தேகப்படுவதில்லை என்றுதான் சொல்லுவாள். வீணாகத்தான் படுவதில்லை. ஒரு காரணம் கிடைக்கும்வரை பொறுத்திருப்பாள், கிடைக்காவிட்டால் தேடிப் பிடிப்பாள்.

கதை இதுதான். பதினேழு வருடத்துக்கு முந்தி, சண்டை நெருங்கி முள்ளியவளையை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட அந்த மார்கழியில், அவள் தன் ஏழு பவுண் தாலிக்கொடியைக் கழற்றினாள். வழியில் கழுத்தோடு அறுத்துக்கொண்டு போகிறார்கள் என்று ஒரு கதை அடிபட்டது. கழுத்தில் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கொடியைப் பொலித்தீனில் சுற்றிப் பால்மாத் தகர ரின்னுக்குள் வைத்தாள். மூடியைச் சுற்றி மெழுகுதிரியை உருக்கி ஊற்றினாள், தண்ணீர் போகக்கூடாதென்று. வேலியோரப் பாலைமரத்திலிருந்து கிணற்றுப் பக்கமாக மூன்று முழம் அளந்து, ரின்னை உரப்பைத் துண்டில் சுற்றி முழங்கால் ஆழக் குழியில் தாட்டாள். புருசன் பரமலிங்கம்தான் மண்வெட்டி பிடித்தார். "வந்து எடுப்பம்" என்றார். மூன்று மாதத்தில் மாத்தளனில் செல் விழுந்து அவர் போய்விட்டார். அவர் கட்டிய தாலி மண்ணுக்குள் கிடக்க, மஞ்சள் கயிற்றைத்தான் அவள் அறுக்க வேண்டி வந்தது.

இரண்டு வருடம் கழித்து முகாமால் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, வளவுக்கு வேலி இல்லை. புல்டோசர் உழுது மண் அணை கட்டியிருந்தது. அடியோடு தறித்த ஒரு பாலைமரக் குற்றி மட்டும் கிடந்தது. அதிலிருந்து மூன்று முழம் அளந்து தோண்டினாள். இல்லை. நாலு, ஐந்து, பத்து முழம் தோண்டினாள். வளவு முழுக்கப் பன்றி கிண்டியதுபோல் ஆகியும் இல்லை. ஜெயந்தன் குடும்பம் அவளுக்குப் பதின்மூன்று நாள் முந்தி வந்து குடியேறியிருந்தது. பதின்மூன்று நாள் போதாதா?

முகத்துக்கு நேரே அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவனிடம் மட்டும் கேட்டதில்லை என்று சொல்ல வேண்டும். நாயாற்றிலிருந்து மீன் கொண்டுவருகிறவருக்குத் தெரியும், சங்கக்கடை வரிசைக்குத் தெரியும், கோயில் ஐயருக்கும் தெரியும். அந்த வீட்டுப் படலைக்குள் பதினைந்து வருடமாக அவள் கால் வைத்ததில்லை. வேலிக்கு மேலால் முருங்கைக்காய் போகும், கறிவேப்பிலை வரும். "சுகமோ" என்றால் "சுகம்" என்று பதில் வரும், அவ்வளவுதான்.

அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அவளுக்கு நித்திரை குறைந்து, காது கூடியது.

வியாழன் பின்னேரம், ஜெயந்தன் தன் வேலைக் கொட்டில் பக்கத்து வேலியில் பழைய தகரம் அடித்தான். இத்தனை வருடம் இல்லாத தகரம் இப்போது என்னத்துக்கு? வெள்ளிக்கிழமை அவனுடைய மகள் தேனுகா, பள்ளிக்கூடத்தில் நாடகம் படிப்பிக்கிறவள், கடையில் முப்பது மெழுகுதிரி வாங்கியதை விமலேஸ்வரி தன் கண்ணால் கண்டாள். சனிக்கிழமை அவர்களுடைய உடுப்புக் கொடியில் ஒரு பழைய பனியன் துண்டு தொங்கியது. அதில் பொன் தடம். அன்றைக்கே தகரத்துக்கு அப்பாலிருந்து மெழுகு உருகும் மணமும், தேய்க்கும் சத்தமும் வந்தன. சரக், சரக் என்று ஒரே அளவாய், மூன்று மணியிலிருந்து பொழுதுபடும் வரைக்கும்.

வவுனியாவில் கலியாணம் கட்டியிருக்கும் மகள் சுதாஜினிக்குப் போன் எடுத்தாள்.

"அம்மா, மெழுகுதிரி வாங்கிறதும் ஒரு குற்றமோ?"

"கரண்ட் இருக்கிற வீட்டுக்கு முப்பது மெழுகுதிரி என்னத்துக்கடி?"

"கோயிலுக்கா இருக்கும்."

"அம்மன் கோயிலில ஆர் மெழுகுதிரி கொளுத்தினது? இது பத்தர் வேலை பிள்ளை. நகையை உருக்கி வேற உருவத்துக்கு மாத்திறதுக்கு முதல் மெழுகிலதான் அச்சுப் பிடிக்கிறவங்கள். என்ர கொடியை உருக்கிறான்."

"பதினைஞ்சு வருசம் வைச்சிருந்து இப்ப ஏன் உருக்கவேணும்?"

"பெட்டைக்குக் கலியாணம் பேசுறாங்கள் போல."

சுதாஜினி பெருமூச்சு விட்டாள். "அம்மா, அதை விடுங்கோ. எனக்கு அந்தக் கொடி வேண்டாம்."

"உனக்கு ஆர் தாறன் எண்டது? அது உன்ர கொப்பர் எனக்குக் கட்டினது."

போனை வைத்த பிறகும் அவளுக்கு ஆறவில்லை. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. ஜெயந்தனின் மனைவி கமலாசனியை எடுத்துக்கொள்ளுங்கள். புருசன் கல்லுப்போல உயிரோடு இருக்கிறான், வீட்டுக்கு ஓடு போட்டாயிற்று, மகள் உத்தியோகம் பார்க்கிறாள். ஆனால் அவள் கழுத்தில் இன்றைக்கும் வெறும் மஞ்சள் கயிறு. இடம்பெயர்ந்தபோது அவளுடைய கொடியைப் பால்மாவுக்கும் அரிசிக்கும் கொடுத்தது ஊரறிந்த கதை. அதற்குப் பிறகு ஒன்று செய்ய வக்கில்லையா? இருக்கிறது. போட்டுக்கொண்டு வெளியில் வரத்தான் பயம். கலியாண வீடுகளுக்குப் போய்விட்டு பஸ்ஸால் இறங்கும்போது கைப்பையைக் கமக்கட்டுக்குள் இறுக்கிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் நடப்பாள். குற்றமுள்ளவளின் நடை என்று விமலேஸ்வரி அதை எப்போதோ குறித்து வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவள் தகரத்தில் ஓர் ஆணித்துவாரத்தைக் கண்டுபிடித்தாள். விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டாள், யாரும் கண்டால் கூட்டுகிறாள் என்று நினைக்க. துவாரத்தால் முழுக் கொட்டிலும் தெரியவில்லை. ஜெயந்தனின் கை மட்டும் தெரிந்தது. விரலால் ஒரு சிரட்டையிலிருந்து எதையோ தொட்டு எடுத்து, கறுப்பாக ஒன்றில் தேய்த்தான். பிறகு துணியால் தேய்த்தான். கறுப்பு மெல்ல மெல்லப் பொன்னாகியது. உள்ளங்கை அகலம், பிறகு இரண்டு கை அகலம். வெயில் பட்டபோது பளீரென்று அவள் கண்ணிலேயே அடித்தது.

விமலேஸ்வரி துவாரத்திலிருந்து கண்ணை எடுத்தாள். ஏழு பவுணில் இவ்வளவு வராது. அப்படியென்றால் இவன் அவளுடையதை மட்டுமல்ல, ஊரில் ஆர் ஆர் தாட்டார்களோ எல்லோருடையதையும் அல்லவா தோண்டியிருக்கிறான்! பதின்மூன்று நாளில் என்ன பாடுபட்டிருப்பான் என்று ஒரு கணம் வியந்தும் போனாள்.

விளக்குமாற்றை எறிந்துவிட்டு, கொண்டையை முடிந்துகொண்டு, ரோட்டால் சுற்றிப் போய் அவர்களுடைய படலையைத் திறந்தாள்.

கமலாசனி முற்றத்தில் மிளகாய் காயவிட்டுக்கொண்டிருந்தாள். பதினைந்து வருடத்துக்குப் பிறகு படலைக்குள் வந்த காலைக் கண்டு சுளகோடு எழும்பினாள்.

"அக்கா... வாங்கோ. இருங்கோ, கதிரை எடுத்தாறன்."

"இருக்க வரேல்லை. ஜெயந்தன் எங்க?"

"அவர் கொட்டிலுக்க வேலையா..." விமலேஸ்வரி அந்தப் பக்கம் திரும்பியதும் கமலாசனி ஓடிவந்து குறுக்கே நின்றாள். "அங்க போகாதேங்கோ அக்கா. பிள்ளை ஒருத்தரையும் விடவேண்டாம் எண்டு சொன்னது."

"ஒருத்தரையும் விடவேண்டாமாமோ? ஏன், என்னத்தை ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?"

அவளைக் கையால் விலக்கிவிட்டு விமலேஸ்வரி கொட்டில் வாசலில் தொங்கிய சாக்கை இழுத்தாள். கையும் களவுமாகப் பிடிக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே ஐந்து ஆட்களின் நெஞ்சுகள் வரிசையாக நின்றன. தலையும் காலும் இல்லாத நெஞ்சுக் கவசங்கள். நாலு இன்னும் கறுப்பு, ஒன்று பாதிக்குமேல் பொன். தோளுக்குப் போடும் தகடுகள், முழங்கைக்குப் போடும் குழல்கள், ஒரு தலைக்கவசம். நடுவில் ஜெயந்தன் பலகைக்கட்டையில் குந்தியிருந்தான், விரல் ஐந்தும் பொன். மூலையில் தேனுகா கத்தரியோடு.

விமலேஸ்வரி பாதி பொன்னான கவசத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். பாரத்தை எதிர்பார்த்துத் தம் பிடித்துத்தான் தூக்கினாள். அது பாரமே இல்லாமல் அவள் முகம் வரைக்கும் பறந்து வந்து மூக்கில் முட்டியது. தின்னுகிற பாண் துண்டுகூட இதைவிடப் பாரம்.

"அன்ரி, கவனம், இன்னும் காயேல்லை!" என்று தேனுகா கத்தினாள்.

"இதென்ன இது?"

"ஸ்பொஞ் பாய் அன்ரி. சின்னப் பிள்ளையள் விளையாட விரிக்கிறது. மாகாண நாடகப் போட்டிக்கு ராசாவுக்கும் நாலு போர்வீரருக்கும் உடுப்பு. போன வருசம் நாங்கள் செய்த ராசா முடியைப் பாத்து இன்னொரு பள்ளிக்கூடம் அப்பிடியே செய்து எங்களுக்கு முன்னால வந்திட்டினம். அதுதான் இந்தமுறை ஒருத்தருக்கும் காட்டுறேல்லை எண்டு."

ஜெயந்தனுக்கு அவள் எதற்கு வந்தாள் என்பதுகூடப் படவில்லை. வேலையைக் காட்ட ஒரு ஆள் கிடைத்துவிட்டது அவனுக்கு. "பாயை வெட்டி, சூடு காட்டி வளைச்சு, செருப்புப் பசையால ஒட்டினது அக்கா. முதல் கறுப்பு அடிக்கவேணும். பிறகு இந்த மெழுகு. மெழுகுதிரியும் கொஞ்சம் தேன்மெழுகும் ரேப்பன்ரைனில கரைச்சு, பொன் தூள் கலந்தது. தூரிகையால பூசினால் மஞ்சள் பெயின்ற் அடிச்ச மாதிரித்தான் கிடக்கும். விரலால மேட்டுப்பக்கம் மட்டும் தேய்க்கவேணும், பள்ளத்தில கறுப்பு நிக்கவேணும். ஊறவிட்டுப் பழைய பனியனால தேய்ச்சால்தான் உந்த மினுக்கம் வரும். தூரத்தில நிண்டு பாருங்கோ, நூறு போருக்குப் போய் வந்த இரும்பு மாதிரிக் கிடக்கும்."

விமலேஸ்வரி தன் கைகளைப் பார்த்தாள். உள்ளங்கை இரண்டும் பொன்னாயிருந்தன.

"ஏன் அக்கா, நீங்கள் என்ன எண்டு நினைச்சு வந்தனீங்கள்?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. கமலாசனி சாக்குக்குப் பக்கத்தில் நின்றாள். சுளகு இன்னும் கையில் இருந்தது. அவள் சிரிக்கவில்லை.

விமலேஸ்வரிக்கு வெட்கம் காலிலிருந்து ஏறி முகத்துக்கு வந்தது. "தலையைச் சுத்துது" என்றாள். அது பொய்யுமில்லை. தேனுகா அவளைப் பிடித்து, கொட்டில் மூலையில் இருந்த மரக்குற்றியில் இருத்தினாள். தலைக்கவசம் அந்தக் குற்றியின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பியில் தொங்கியது. இடம் காணாதென்று தேனுகா தலைக்கவசத்தை எடுத்தாள்.

கம்பி இல்லை. சைக்கிள் பெடல் தண்டு.

விமலேஸ்வரி குனிந்து அதைத் தொட்டாள். ஆடு கட்டுவதற்காகப் பரமலிங்கம் தன் பழைய சைக்கிளின் பெடல் தண்டை வேலியோரப் பாலையில் சுத்தியலால் அடித்து இறக்கியது. அடிக்கும்போது நுனி ஒருபக்கம் வளைந்துபோய், "வளைஞ்சால் என்ன, ஆடு ஓடாது" என்று சிரித்தது. அந்த வளைவு அப்படியே இருந்தது. கறள் மட்டும் ஏறியிருந்தது.

"இந்தக் குற்றி எங்கால ஜெயந்தன்?"

"இதோ? நாங்கள் வந்த அடுத்த வருசம் அந்த மண் அணையைப் பரவினனாங்களெல்லோ, அப்ப கீழ கிடந்து வெளிப்பட்டது. பாலைக்குற்றி, கிளப்ப ஏலேல்லை. சரி, இருக்கட்டும் எண்டு மேலால கொட்டிலைப் போட்டிட்டன்."

அவளுடைய வளவில் பாலைமரம் இரண்டு நின்றது. ஒன்று வேலியோரம், மற்றது உள்ளே. திரும்பி வந்தபோது ஒரு குற்றிதான் வெளியே தெரிந்தது. அதுதான் வேலியோரப் பாலை என்று அடித்துச் சொன்னது யார்? அந்த உள்மரத்துக் குற்றியைக் காட்டி, இதிலிருந்து கயிறு பிடி என்று நடு வெயிலில் நின்று கத்தி, ஜெயந்தனை வாய் திறக்கவிடாமல் எல்லை போட்டது யார்? அவளேதான். தன் காணியில் ஏழெட்டு முழத்தைத் தன் வாயாலேயே அவனுக்குக் கொடுத்துவிட்டு, தாட்டது காணாமல் போய்விட்டதென்று அவனையே கள்ளனாக்கியிருக்கிறாள்.

பேசாமல் எழும்பிப் போய்விடலாம். போனால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அவள் குற்றியிலிருந்து கிணற்றுப் பக்கமாக மூன்று முழத்தைக் கண்ணால் அளந்தாள். அது ஜெயந்தனின் பலகைக்கட்டையில் போய் நின்றது. அவன் அதன்மேல் குந்தியிருந்து பொன் பூசிக்கொண்டிருந்தான்.

"ஜெயந்தன், கொஞ்சம் எழும்பு. அலவாங்கு கிடக்கோ?"

அவனே தோண்டினான். என்னத்துக்கென்று யாரும் கேட்கவில்லை. அந்த ஊரில் ஒருவர் ஒரு இடத்தைக் காட்டித் தோண்டச் சொன்னால் விளக்கம் தேவையில்லை. முழங்கால் ஆழத்தில் உரப்பைத் துண்டு வந்தது. பிறகு ரின் வந்தது, தொடத் தொட உதிரும் கறளாக. மூடியைச் சுற்றி அவள் ஊற்றிய மெழுகு மட்டும் ஒரு வளையமாக அப்படியே இருந்தது. உள்ளே பொலித்தீன். அதற்குள் கொடி, நேற்றுக் கழற்றி வைத்ததுபோல.

விமலேஸ்வரி அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். கிடைத்த சந்தோசத்தில் அழுகிறாள் என்று தேனுகா நினைத்தாள். அப்படியில்லை. பதினைந்து வருடமாக அவளுக்கு ஒரு கள்ளன் இருந்தான். கள்ளன் எடுத்தபடியால் தாலி போனது, தாலி போனபடியால் புருசன் போனார் என்று நாள் பொருந்தாத ஒரு கணக்கில் அவள் சீவித்து வந்தாள். இப்போது கள்ளன் இல்லை. புருசன் உயிரோடு இருக்கத் தாலியைக் கழற்றித் தாட்டவள் அவள்தான். அவ்வளவு காலமும் எவனோ ஒருவன் தலையில் கட்டியிருந்தது இப்போது அவள் மடியில் வந்து விழுந்தது.

கமலாசனி வீட்டுக்குள் போனாள். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு சின்னச் சிவப்புப் பெட்டியோடு வந்து, அதை விமலேஸ்வரிக்கு முன்னால் திறந்தாள். உள்ளே ஒரு தாலிக்கொடி, நகைக்கடைக் கடதாசிகூட இன்னும் கசங்காமல்.

"லண்டனில இருக்கிற என்ர தம்பி அனுப்பினவன். ஒன்பது வருசமாகுது" என்றாள். குரல் உயரவில்லை. "வெளியூர்க் கலியாணத்துக்குப் போகேக்க பஸ்ஸுக்குள்ள ஏறினாப் பிறகுதான் போடுவன் அக்கா. வரேக்க பஸ் தண்ணீரூற்றுச் சந்திக்கு வரவே கழட்டிக் கைப்பைக்குள்ள வைச்சிடுவன். இந்த ஊருக்குள்ள ஒருநாள் போட்டதில்லை. போட்டுக்கொண்டு படலைக்கு வந்தால் நீங்கள் என்ன நினைப்பீங்கள், ஆரார் காதில போடுவீங்கள் எண்டு எனக்குத் தெரியும். இந்த மனிசன் உயிரோட இருக்க நான் மஞ்சள் கயிற்றோட திரிஞ்சனான்."

"கமலா, காணும் விடு" என்றான் ஜெயந்தன்.

"நான் என்னத்தை விட? அவா விட்டவாவோ?" கமலாசனி பெட்டியிலிருந்து கொடியை எடுத்துத் தன் கழுத்தில் வைத்து, விமலேஸ்வரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிலத்தில் இருந்தாள். "கொழுக்கியைக் கொளுவி விடுங்கோ. நீங்கள்தான் போட்டுவிடவேணும்."

விமலேஸ்வரி திடுக்கிட்டாள். "என்னடி பிள்ளை சொல்லுறாய்? நான் புருசனைத் தின்னக் குடுத்தவள். என்ர கையால தாலி தொடக்கூடாது."

"நீங்கள் தொடாமலே ஒன்பது வருசம் என்ர கழுத்தால கழட்டுவிச்சு வைச்சிருந்தனீங்கள்தானே. இப்ப தொட்டு என்ன வரப்போகுது? போடுங்கோ."

விமலேஸ்வரி தன் கொடியை மடியில் விட்டுவிட்டு, கமலாசனியின் கழுத்துப் பின்புறம் கிடந்த இரண்டு நுனியையும் பிடித்தாள். விரல் மெழுகில் வழுக்கியது. முதல்முறை கொளுவவில்லை, இரண்டாம் முறையும் கொளுவவில்லை. மூன்றாம் முறைதான் கொழுக்கி பூட்டிக்கொண்டது.

கமலாசனி எழும்பி, திரும்பிப் பாராமல் கொட்டிலைவிட்டு வெளியே போனாள். முற்றத்தில் குந்தி, விட்ட இடத்திலிருந்து மிளகாயைக் கிளறத் தொடங்கினாள். நல்ல வெயில். ரோட்டால் போகிற எல்லோருக்கும் தெரியும்படி கழுத்தில் கொடி கிடந்தது. பின்கழுத்தில், கொடிக்குச் சற்று மேலே, விமலேஸ்வரியின் ஐந்து விரலும் பொன்னாகப் பதிந்திருந்தன. துடைக்கச் சொல்லிக் கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை.